படலையடியில் நின்று அழைப்போம்

வன்னியில் ஒரு வீட்டுக்குப் போகிறவர் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைவதில்லை. படலையடியில் நின்று, "வீட்டுக்காரர், வீட்டுக்காரர்" என்று அழைப்பார். யாரும் வராவிட்டால் திரும்பிவிடுவார். மீன் கொண்டுவருபவரும், உடுப்பு மூட்டையோடு வருபவரும் இந்த ஒழுங்கைக் காத்தே வியாபாரம் செய்தார்கள். "இண்டைக்கு வேண்டாம்" என்றால் அடுத்த வீட்டுக்குப் போவார்கள். அதனாற்றான் அடுத்த கிழமையும் அவர்களால் அதே படலைக்கு வர முடிந்தது.

இன்று எமது பெண்களின் வீட்டுக் கைத்தொழில் மின்னஞ்சலிலும் போகின்றது. 2009இல் போர் முடிந்து மீளக் குடியேறிய பின்னர், குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் எத்தனையோ பெண்கள் மிளகாய்த்தூள், ஒடியல்மா, மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், பனையோலைப் பெட்டி என்று வீட்டிலிருந்தே செய்து விற்கின்றார்கள். ஊர்ச் சந்தை சிறியது. ஆகவே அவர்களுடைய கண்கள் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் நோக்கித் திரும்புவது இயல்பே. விடுமுறையில் வந்து இரண்டு பைக்கற் தூள் வாங்கிச் சென்றவரின் முகவரி கொப்பியில் எழுதப்படுகின்றது. பின்னர் மகனின் கைத்தொலைபேசியில் ஒரே அழுத்தலில் எல்லோருக்கும் விளம்பரம் போகின்றது. இதில் எங்கே படலை இருக்கின்றது என்பதே எமது கேள்வி.

இதைக் கேட்கும் நாம் குற்றமற்றவர்கள் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன்னர், நாம் துணைநின்ற ஒரு மகளிர் குழுவுக்கு வாடிக்கையாளர் வேண்டுமென்று, திருவிழாவுக்கு நன்கொடை தந்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை நாமே எடுத்துக் கொடுத்தோம். நல்ல நோக்கம் என்று எண்ணினோம். அறுபதுக்கு மேற்பட்ட முகவரிகளும் எல்லோருடைய கண்ணுக்கும் தெரியும்படி கடிதம் போயிற்று. ஒரு சகோதரி பதில் எழுதினார்: "திருவிழாவுக்கென்று தந்த முகவரி அது, பாதர். கடைக்குத் தந்ததல்ல." அவர் சில உறவினரிடமிருந்து விலகி வாழ்ந்துவந்தவர். அந்தப் பட்டியல் வழியாக அவருடைய முகவரி அவர்களின் கைக்கும் போய்விட்டது. அதற்கு நாம் கேட்ட மன்னிப்பு எதையும் திருப்பித் தரவில்லை.

மின்னஞ்சல் விளம்பரம் தொடங்கிய கதையும் இதைப்போன்றதே. 1978ஆம் ஆண்டு மே 3ஆம் திகதி, அமெரிக்காவின் டிஜிற்றல் எக்குயிப்மென்ற் என்னும் கணினி நிறுவனத்தைச் சேர்ந்த கரி தூர்க் என்பவர், தமது நிறுவனத்தின் புதிய கணினிகளைப் பற்றி ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே தடவையில் செய்தி அனுப்பினார். கேளாமல் அனுப்பப்பட்ட முதலாவது விளம்பர மின்னஞ்சல் என்று இன்று சொல்லப்படுவது அதுவே. உடனே கண்டனம் எழுந்தது. ஆனால் விற்பனையும் கிடைத்ததாக அவரே பின்னர் கூறினார். சிக்கல் அங்கேதான் இருக்கின்றது. வியாபாரியின் காலுக்கு வலி இருந்தது. தபாலுக்கு முத்திரைச் செலவு இருந்தது. அந்தச் செலவே ஒரு வேலியாக நின்றது. மின்னஞ்சலுக்கு அச்செலவு இல்லை. ஆகவே வேலியை அனுப்புகிறவரே தமக்குப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

"வயிற்றுப்பாட்டுக்கு அலைகிறவளிடம் நாகரிகம் பேசலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் எமது பெண்கள் மறுபக்கத்திலும் நின்றவர்கள். நுண்கடன் வசூலிக்க வந்தவர்கள் நேரங்காலம் பாராமல் முற்றத்தில் வந்து அமர்ந்தபோது பட்ட அவமானம் அவர்களுக்குத் தெரியும். 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, கடன் வசூலிப்போரால் பெண்கள் படும் தொல்லைகளை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். கடன்காரரின் வரவும் விளம்பரக் கடிதமும் ஒன்றல்ல. எனினும் "என் வாசலுக்கு யார் எப்போது வரலாம் என்பதை நானே தீர்மானிக்க வேண்டும்" என்ற உரிமை ஒன்றே. எமக்கு வேண்டும் என்று நாம் கேட்ட உரிமையை மற்றவருக்கு மறுக்கலாகாது.

இதில் உறவு என்னும் சிக்கலும் உண்டு. எமது கடிதங்கள் "அன்பான அண்ணா", "அக்கா" என்று தொடங்குகின்றன. கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்பவரால் தங்கையிடம் அப்படிச் சொல்ல முடிவதில்லை. ஒருமுறை வாங்குவார், மறுமுறை கடிதத்தைத் திறக்காமலே விடுவார், பின்னர் ஊருக்கு வந்தாலும் அந்த ஒழுங்கையால் போகமாட்டார். வாடிக்கையாளர் ஒருவரை இழந்தோம் என்று நினைக்கின்றோம். உண்மையில் உறவொன்றை இழந்துவிட்டோம். பிள்ளைகளின் படத்தைப் போட்டு இரக்கத்தைத் தூண்டி விற்பதும் இதனோடு சேர்ந்ததே. மிளகாய்த்தூளை அதன் நிறத்துக்கும் உறைப்புக்குமாக ஒருவர் வாங்கினால் அது வியாபாரம். இரக்கத்துக்காக வாங்கினால் அது பிச்சை. எமது பெண்களின் உழைப்பு பிச்சையல்ல.

சட்டமும் இதையே சொல்கின்றது. கனடாவில் 2014 யூலை 1 முதல், சம்மதமின்றி வியாபார மின்னஞ்சல் அனுப்புவது தடைசெய்யப்பட்டுள்ளது. பொருள் வாங்கியவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை எழுதலாம். நிறுத்தச் சொன்னால் பத்து வேலை நாட்களுக்குள் நிறுத்தவேண்டும். எமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், விளம்பரச் செய்திக்குப் பெறுபவரின் சம்மதம் வேண்டும் என்றும், செலவின்றி மறுக்கும் வழியை அவருக்கு அறிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. அதன் பிரிவுகள் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. அதுவரை காத்திருக்க வேண்டிய தேவை எமக்கும் இல்லை.

நாம் செய்யக்கூடியவை எளியவை. பொருளைக் கொடுக்கும்போதே, "புதுச் சரக்கு வந்தால் எழுதட்டுமா?" என்று கேட்போம். ஓம் என்றவரின் பெயரை மட்டும் கொப்பியில் எழுதி, திகதியையும் குறிப்போம். ஒன்றுக்குத் தந்த முகவரியை வேறொன்றுக்கு எடுக்காதிருப்போம். பங்குப் பட்டியலையோ சங்கப் பட்டியலையோ யார் கேட்டாலும் கொடாதிருப்போம். பலருக்கு ஒன்றாக எழுதும்போது, மின்னஞ்சலில் பி.சி.சி. என்று குறிக்கப்பட்ட இடத்தில் முகவரிகளை இட்டால் ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது. தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, நத்தார் என்று ஆண்டுக்கு மூன்று நான்கு கடிதம் போதும். ஒவ்வொன்றின் முடிவிலும், "இனி வேண்டாம் என்றால் ஒரு சொல் எழுதுங்கள், மனவருத்தம் இல்லை" என்று சேர்ப்போம். அந்தச் சொல் வந்தால் அன்றே பெயரை வெட்டிவிடுவோம். காரணம் கேட்க வேண்டாம்.

பட்டியல் சிறுத்துப்போகும் என்பது உண்மை. ஆனால் மிஞ்சியிருப்பவர்கள் தாமாகவே படலையைத் திறந்தவர்கள். எமக்கு மறுமொழி எழுதிய அந்தச் சகோதரியின் பெயர் இன்று எமது எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர் ஒருநாள் எழுதினால் மகிழ்வோம். எழுதாவிட்டாலும் அது அவருடைய வீடு, அவருடைய படலை.