கத்தி வைத்தால் பரவுமா?

புற்றுக்கட்டியில் ‘கத்தி வைத்தால் பரவிவிடும்’ என்பது நம் ஊர்த் திண்ணைப் பேச்சு. அதற்கு கார்ட்டிசால், வெள்ளையணு என்று நாலு மருத்துவச் சொற்களைப் பூசி, சென்ற இதழில் அறிவியல் கட்டுரையாக இறக்கியிருக்கிறார் நண்பர்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அறுவைசிகிச்சை தரும் அழுத்தத்தில் உடல் கார்ட்டிசாலையும் அட்ரினலினையும் கொட்டுகிறது. புற்றணுக்களைக் கொல்லும் என்.கே. செல்களின் வேகம் தணிகிறது. பெரிய அறுவைசிகிச்சை என்றால் இது பல நாள் நீடிக்கும். இதையெல்லாம் டாக்டர்கள் மறைக்கிறார்களாம்! மயக்கவியல் பாடப்புத்தகத்தில் அச்சாகியிருப்பதை யார் மறைப்பது?

சான்றாக ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் போட்டிருக்கிறார். ஆபரேஷனுக்கு மறுநாள் எடுத்தது. வெள்ளையணுக்களின் டோட்டல் கவுண்ட் 14,000. அவற்றில் நியூட்ரோஃபில் 86 சதவீதம், லிம்போசைட் 9 சதவீதம். ‘லிம்போசைட் அழிந்தேவிட்டது’ என்று அலறுகிறார். 14,000இல் 9 சதவீதம் 1,260. பெரியவர்களுக்கு 1,000க்கு மேல் இருந்தாலே இயல்பு அளவுதான். அட்ரினலின், ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்களை உதிர்த்துவிடுகிறது. கார்ட்டிசால் எலும்பு மஜ்ஜையிலிருந்தும் வரவழைக்கிறது. அவை பெருகியதால் மற்றவற்றின் சதவீதம் சுருங்கியது. லிம்போசைட் எண்ணிக்கையும் குறைவதுண்டு. ஆனால் அவற்றில் பல ரத்தத்தைவிட்டுத் திசுக்களுக்குள் போய்விடுகின்றன. வீட்டில் ஆள் இல்லை என்றதும் கருமாதிக்கு நாள் குறிப்பவரை என்ன சொல்ல?

அறுவைசிகிச்சை தரும் இந்த அழுத்தத்தைக் குறைக்க வழி தேடியவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. 1996இல் வெளியான ஆய்வு ஒன்று: குடல் அறுவைசிகிச்சை செய்துகொண்ட 200 பேர். ஆபரேஷன் மேசையில் உடல் குளிர்ந்துபோனவர்களில் 19 சதவீதத்தினருக்குப் புண்ணில் கிருமித்தொற்று. உடற்சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளப்பட்டவர்களில் 6 சதவீதம்தான். குளிரில் வெள்ளையணுக்களின் வேலை மந்தமாகும் என்பதால் செய்த ஏற்பாடு இது. லேப்ராஸ்கோப்பி, சர்க்கரைக் கட்டுப்பாடு, சரியான வலிநிவாரணம் எல்லாம் இந்த வழியில் உதவுபவையே.

நண்பரோ ‘ஆபரேஷனே வேண்டாம், கஷாயம் போதும்’ என்று முடிக்கிறார். அப்படி மாற்றுமருத்துவத்தை மட்டும் நம்பியவர்களை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டார்கள். மார்பகப் புற்றில் மரண அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல். சில நாள் சோர்ந்துவிட்டு மீளும் வெள்ளையணுவுக்காக அழுபவர், நாள்தோறும் வளரும் கட்டியைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அந்தக் கட்டுரையை நம்பி ஆபரேஷன் தேதியைத் தள்ளிப்போட்டவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து நாளைக் காலையே உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள்.