வியப்பின் அடுத்த படி

‘நிலவிலிருந்து பார்த்தாலும் சீனப் பெருஞ்சுவர் தெரியும்’ என்னும் செய்தியைக் கேளாதவர் நம்மில் சிலரே. மனிதர் நிலவில் கால்பதித்தது 1969இல். இச்செய்தியோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அச்சேறிவிட்டது. கண்டவர் ஒருவரும் இல்லாத காலத்திலேயே உலகம் அதனை நம்பிவிட்டது!

சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். சுவரின் அகலம் சில மீட்டர். நிலவின் தொலைவோ சராசரியாக 3,84,000 கிலோமீட்டர். தலைமுடி ஒன்றைச் சில கிலோமீட்டருக்கு அப்பால் நின்று காண முயல்வதை இஃது ஒக்கும். 2003இல், சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் புவியை வலம்வந்த சீன விண்வெளி வீரர் யாங் லிவெய், அங்கிருந்தும் சுவர் தம் கண்ணுக்குப் புலப்படவில்லை என்றார். அதன்பின்னரே, சுவர் விண்ணிலிருந்து தெரியும் என்று கூறிய சீனப் பள்ளிப் பாடநூற் பகுதி கேள்விக்குள்ளானது.

பாடநூலே பிழைபடுமெனில், கைப்பேசியில் நொடிதோறும் வந்துவிழும் துணுக்குகளை எங்ஙனம் அப்படியே ஏற்பது? வியப்பது தவறன்று, வியந்ததோடு நின்றுவிடுவதே தவறு. சொன்னவர் யார், எப்போது சொன்னார், எவ்வாறு அறிந்தார் என வினவுவோம். ஒன்றையொன்று படியெடுக்காத இரு மூலங்களை ஒப்புநோக்குவோம். விடை கிடைக்கும்வரை அச்செய்தியைப் பிறர்க்கு அனுப்பாதிருப்போம். நாம் அனுப்பிய பொய்க்கு நாமும் பொறுப்பாவோம்.