நீருமன்று, நிலமுமன்று

ஏரி உறைந்தால் தீவு கரையோடு ஒட்டிவிடுகிறது. பிறகென்ன, லொறியிலேயே மாவும் சீனியும் போகலாமே என்று நண்பரொருவர் அண்மையில் வாதித்தார். புவியியல் கற்பிப்பவர் அவர். உறைந்த ஏரி வேறு, உறைகின்ற ஏரி வேறு என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தையடுத்துச் சுப்பீரியர் ஏரியில் மடலின் என்னுந் தீவு இருக்கிறது. அப்போஸ்தலர் தீவுகள் எனப்படும் கூட்டத்திற் பெரியது. ஆண்டு முழுவதும் குடியிருப்புள்ளதும் அஃதொன்றே. லாப்பொயின்ற் தீவின் ஊர், எதிர்க்கரையில் பேபீல்ட். இடையே இரண்டரை மைல் வரையிலான நீர். கோடையில் உல்லாசப் பயணிகளால் நிறையும் அத்தீவிற் குளிர்காலத்தில் எஞ்சுவோர் சில நூற்றுவரே.

நீர் திறந்திருக்கும்வரை கப்பல் ஓடும். பனிக்கட்டி நன்கு தடித்தபின் ஏரிமேலேயே வீதி. பழைய நத்தார் மரங்களை அதன் ஓரத்தில் நட்டு வழி காட்டுகின்றனர். (பண்டிகை முடிந்த மரத்துக்கு இதனினும் நல்ல உத்தியோகம் கிடைக்குமோ, அறியேன்!) தொல்லையெல்லாம் இடைப்பட்ட நாட்களிலேதான். கப்பலால் உடைக்க முடியாத தடிப்பு. ஆனால் வண்டியைத் தாங்காத மெலிவு. உறையும்போது ஒருமுறை, உருகும்போது மறுமுறை இந்நிலை வருகிறது. அப்பொழுது காற்றுச்சறுக்கு வண்டியே துணை. தட்டையான அடிப்பாகமும் பின்புறத்தே ஆகாயவிமானத்துக்குரியவை போன்ற விசிறிகளும் உடையது அது. பனிமேல் வழுக்கிச் செல்லும். பனி உடைந்தால் மிதக்கும். பேபீல்டிற் படிக்குந் தீவுப் பிள்ளைகள் அதிலேறியே பள்ளிக்கூடம் போகின்றனர். ஆனால் ஆட்களையும் சிறு பொதிகளையும் ஏற்றும் அவ்வண்டி எரிபொருள் லொறிக்கோ மரப்பாரத்துக்கோ ஈடாகாது. பாரமான பொருள்கள் இலையுதிர் காலத்திலேயே வந்து சேரவேண்டும். கணக்குப் பிழைத்த குடும்பம் காத்திருக்கலாம்; நோயாளி காத்திருப்பாரா?

பூமி வெப்பமடைவது இத்தீவாருக்கு நன்மையே என்போருமுளர். 2024 பெப்ரவரியில் அமெரிக்கப் பேரேரிகளில் இருந்த பனி, அப்பருவத்துக்கு முன்னொருபோதும் பதிவாகாத அளவு குறைவானது. குளிர்காலம் முழுவதும் கப்பல் ஓடுமாயின் நன்றுதான். ஆனால் உறைந்து, உருகி, காற்றில் உடைந்து, மீண்டும் உறைகின்ற பருவங்கள் வந்தால் அந்த இடைநாட்களே பெருகும் என்பது என் அச்சம்.

அவர்கள் கரைக்குக் குடிபெயர்ந்தாலென்ன என்றார் நண்பர். எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஒஜிப்வே மக்கள் தம் முன்னோரின் புனித இருப்பிடமாகப் போற்றும் தீவு அது. அவர்களுடைய நிலங்களைப் பற்றிய 1854ஆம் ஆண்டு உடன்படிக்கை கைச்சாத்தானதும் லாப்பொயின்றிலேயே. கப்பலும் சறுக்குவண்டியும் வருவாய் பார்த்து ஓடவேண்டியவை அல்ல. அவை அவ்வூரின் வீதி.

அந்தச் செலவை யார் கொடுப்பது என்று நண்பர் கேட்டார். கரையிலுள்ள வீதிக்குத் தார் போட யார் கொடுக்கிறார்களோ அவர்களே என்றேன். அவர் இன்னும் இணங்கவில்லை.