உள்மனசைக் கேட்கச் சொல்லும் மேடைகள்

பிளஸ் 2 முடிவு வந்த கையோடு ஊருக்கு ஊர் கல்வி வழிகாட்டி மேடைகள் முளைத்துவிடுகின்றன. மண்டபம் எதுவானாலும் பேச்சு ஒன்றுதான்: ஊர் சொல்வதைக் கேட்காதே, உன் உள்மனசு சொல்வதைக் கேள். கைதட்டல் அடங்குவதற்குள் பேச்சாளர் பொன்னாடையை மடித்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார். பிள்ளை பிரவுசிங் சென்டருக்குப் போகிறது.

அங்கே நடப்பதை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் கவரில் சாதிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியல் ஜெராக்ஸும் வைத்துக்கொண்டு அம்மா நிற்கிறார். சென்டர்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “எந்த பிராஞ்ச் போடட்டும்?” என்கிறார். பையன் அம்மாவைப் பார்க்கிறான், அம்மா சென்டர்காரரைப் பார்க்கிறார். கடைசியில் போன வருடக் கட்-ஆஃபைப் பார்த்து அவரே வரிசையாக அடித்துத் தள்ளுகிறார். பொறியியல் கலந்தாய்வில் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு சுற்றில் விருப்பப் பட்டியலை நிரப்பக் கிடைப்பது மூன்றே நாள். உள்மனசு வாய் திறப்பதற்குள் ஓ.டி.பி. வந்துவிடுகிறது.

2024-ல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் முற்பிறவிப் பாவத்தைப் பற்றிப் பேசியபோது, பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்டார். நாடே கொதித்தது. பள்ளி நிகழ்ச்சிகளுக்கு வழிமுறை வகுக்கப்படும் என்று அரசு அறிவித்தது. சரிதான். ஆனால் முற்பிறவியை வெளியே அனுப்பிய நாம், உள்ளுணர்வை மாலை போட்டு உள்ளே அழைத்து வருகிறோம். இரண்டுமே கேள்வி கேட்க முடியாத ஓர் இடத்தைக் காட்டி, அங்கிருந்து வருவதுதான் உண்மை என்கின்றன.

இந்த மேடைகளில் தவறாமல் ஏற்றப்படுபவர் கணிதமேதை ராமானுஜன். கல்லூரியில் தோற்றார், ஆனால் மனம் சொன்ன வழியில் போனார், உலகம் வணங்கியது என்று மூன்றே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்த மூன்று வரிதான். 1903-ல், பதினைந்து பதினாறு வயதில், கார் என்பவர் தொகுத்த கணிதச் சூத்திர நூல் கும்பகோணத்தில் அவர் கைக்கு வந்தது. சுமார் 5,000 முடிவுகள், பெரும்பாலும் நிறுவல் இல்லாமல். அவற்றை ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்த்தார். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்தார். கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது 1913 ஜனவரியில். நடுவில் இருப்பது பத்து ஆண்டு உழைப்பு. நாமகிரித் தாயார் கனவில் தந்தாள் என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. பத்து ஆண்டு சிலேட்டு தேய்த்தவரின் கனவில் வருவது வேறு, ரீல்ஸ் பார்த்துவிட்டுப் படுத்தவரின் கனவில் வருவது வேறு.

மேடையில் யாரும் சொல்லாத இன்னொன்றும் உண்டு. அதே கடிதத்தில், ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதைக் கண்டறியும் வழி தனக்குத் தெரியும் என்று ராமானுஜன் எழுதியிருந்தார். அது தவறு. பகா எண்களில் அவருடைய உள்ளுணர்வு அவரை ஏமாற்றியது என்பதை ஹார்டியே பின்னால் விரிவாக எழுதியிருக்கிறார். நிறுவல் எங்கே என்று கேட்க கேம்பிரிட்ஜில் ஒருவர் இருந்ததால் தெரிந்தது. ராமானுஜனுக்கே சறுக்கிய இடத்தில், கெமிக்கலா சிவிலா என்று திகைத்து நிற்கும் பதினேழு வயதுக்கு உள்மனசே போதும் என்கிறீர்களா? திருக்கோவிலூரில் ராமசாமி ஐயர், நெல்லூரில் ராமச்சந்திர ராவ், சென்னைத் துறைமுகத்தில் நாராயண ஐயர் என்று வழிநெடுகத் தாங்கிப் பிடித்தவர்கள் அவருக்கு இருந்தார்கள். அப்படி யாரும் வாய்க்காமல் இரண்டு கல்லூரியில் தோற்றவர்களை எந்த மேடையும் அழைப்பதில்லை.

உள்ளுணர்வே பொய் என்று நான் சொல்லவில்லை. இதில் எதிரெதிர் அணியில் இருந்த உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009-ல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளுணர்வை நம்பலாம், ஆனால் இரண்டு நிபந்தனை: அந்தத் துறையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், செய்தது சரியா தவறா என்று திரும்பத் திரும்பத் தெரிந்து பழகியிருக்க வேண்டும். தீயணைப்பு வீரருக்கும் சதுரங்க ஆட்டக்காரருக்கும் இது உண்டு. படிப்பைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் ஒரே முறைதான் தேர்ந்தெடுக்கிறார். சரியா தவறா என்பது தெரிய ஏழெட்டு வருடமாகும்.

இன்னொரு வேடிக்கை. உள்மனசு என்பது அவரவருக்குத் தனி என்றால், அத்தனை பேருடைய உள்மனசும் ஒரே வருடத்தில் ஒரே பிராஞ்சின் பெயரை எப்படிச் சொல்கிறது? பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் மெக்கானிக்கலுக்கு அடிபிடி. இப்போது ஏ.ஐ., டேட்டா சயின்ஸ். உள்ளே கேட்கும் குரல் பக்கத்து வீட்டு டிவியின் குரல்தான்.

ஸ்டீவ் ஜாப்ஸை இழுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2005-ல் ஸ்டான்ஃபோர்டில் மனம் சொல்வதைக் கேட்கச் சொன்ன அதே உரையில், தனக்குக் கணையப் புற்றுநோய் வந்ததையும் சொன்னார். மருத்துவர்கள் அறுவைச் சிகிச்சை வேண்டும் என்று சொல்லியும் ஒன்பது மாதம் அதைத் தள்ளிப்போட்டதைச் சொல்லவில்லை. உணவுக் கட்டுப்பாடும் மாற்று வைத்தியமும் போதும் என்று அவர் உள்மனசு சொல்லியிருந்தது.

அப்படியானால் அப்பா சொன்னதைப் படி என்கிறீர்களா என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு நேரம் செலவிட நான் தயாராக இல்லை. அப்பாவும் அதே டிவியைத்தான் பார்க்கிறார்.

பிடிக்காவிட்டால் ஒரு வருடம் வீணாகட்டும், வேறு சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லக்கூடிய வீட்டில் பிறந்தவர் உள்மனசைக் கேட்டுப் பார்க்கலாம். அவருக்குச் சோதனைச் செலவு கட்டுப்படியாகும். கல்விக் கடனில் சேரும் வீட்டில் உள்மனசு தப்பாகச் சொன்னாலும் தவணையைக் கட்டியாக வேண்டும். இந்த வித்தியாசத்தை மறைத்துப் பேசுவது வழிகாட்டல் ஆகாது, வசதியுள்ளவர்களின் வேதாந்தம். படித்த படிப்புக்கும் பார்க்கும் வேலைக்கும் சம்பந்தமில்லாமல் நம் பிள்ளைகள் திரிவதில் பாதிக் குற்றம் இந்தப் பேச்சுக்குத்தான் என்பேன்.

நான் முதல்வன், கல்லூரிக் கனவு என்று வழிகாட்டித் திட்டங்களுக்கு 2022 முதல் அரசு செலவழிக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, பிளஸ் 1 முடித்த ஒவ்வொரு அரசுப் பள்ளி மாணவரையும் பத்து நாள் வேலை நடக்கும் இடத்தில் நிறுத்துங்கள். லேத் பட்டறை, மருத்துவமனை ஆய்வகம், வேளாண் விரிவாக்க மையம், கணக்குத் தணிக்கையாளர் அலுவலகம் என்று எங்கே வேண்டுமானாலும். எண்ணெய்ப் பிசுக்கு கையில் ஒட்டிய பிறகு அந்தப் பிள்ளை “இது எனக்கு ஆகாது” என்று சொன்னால், அந்த உள்ளுணர்வை நானும் மதிப்பேன். அதைச் செய்து முடிக்கும் வரை, உள்மனசைக் கேள் என்று சொல்ல வருபவர் எவராக இருந்தாலும் தலைமை ஆசிரியர்கள் பள்ளிக் கேட்டைத் திறக்க வேண்டாம்.