விஞ்ஞான மடமும் பெண்களும்

விஞ்ஞானம் பரவிவிட்டால் உயர்வு தாழ்வு என்னும் மூடவழக்கமெல்லாம் தானாகவே ஒழிந்துபோகும் என்று நமது தோழர்களில் பலர் நம்பிக்கொண்டிருக்கின்றார்கள். நாமும் விஞ்ஞானத்தைப் போற்றுகின்றவர்களேயாவோம். ஆனால் விஞ்ஞானம் வேறு, விஞ்ஞானிகள் என்கின்ற மனிதர்கள் வேறு என்பதை மாத்திரம் மறந்துவிடக் கூடாது. இதற்கு ஓர் உதாரணம் சொல்லுகின்றோம்.

அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்று ஒரு சர்வகலாசாலை இருக்கின்றது. 1861ம் வருஷத்தில் ஏற்பட்டது. அணுவையும் நட்சத்திரத்தையும் அளந்து கணக்குச் சொல்லும் மகாபுத்திசாலிகள் நிறைந்த இடம். அப்பேர்ப்பட்ட இடத்தின் விஞ்ஞானப் பிரிவில் 1994ம் வருஷத்தில் நிரந்தரப் பதவி பெற்றிருந்த ஆசிரியர்களில் ஆண்கள் 194 பேர். பெண்கள் 15 பேர்!

அங்கே 1973 முதல் உயிரியல் ஆசிரியராக இருந்தவர் நான்சி ஹாப்கின்ஸ் அம்மையார். ஆராய்ச்சிக்காக மீன் தொட்டிகள் வைக்க இன்னும் 200 சதுர அடி இடம் வேண்டுமென்று கேட்டார். கிடைக்கவில்லை. பேசிப் பயனில்லையென்று கண்டு, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு இராத்திரி வேளையில் ஆராய்ச்சிக் கூடங்களை ஒவ்வொன்றாக அளந்தார். தமக்குச் சமமான ஆண்களைவிடத் தமக்கு இடம் குறைவு என்பது அடிக்கணக்கில் தெரிந்துபோயிற்று. பங்காளிகளுக்குள் நிலத்தகராறு வந்தால் நாம் சங்கிலி போட்டு அளப்பதில்லையா? அதையேதான் அவரும் செய்தார்.

பிறகு மற்றப் பெண் ஆசிரியர்களை விசாரித்ததில், ஒவ்வொருவரும் இது தமக்கு மாத்திரம் நேர்ந்த கஷ்டம் என்றெண்ணி வாய்மூடியிருந்தது வெளியாயிற்று. 16 பேர் கையெழுத்திட்டுப் பிரிவுத் தலைவரிடம் முறையிட்டார்கள். 1995ல் கமிட்டி ஏற்பட்டது. 1999ல் அறிக்கை வெளிவந்தது. சம்பளம், இடம், பரிசு, ஆராய்ச்சி வசதி எல்லாவற்றிலும் மூத்த பெண்களுக்கு வித்தியாசம் காட்டப்பட்டதும், முக்கிய முடிவுகள் செய்யப்படும் இடத்தில் அவர்கள் ஒதுக்கப்பட்டிருந்ததும் அதில் கண்டிருந்தது. இது வெறும் மனப்பிராந்தியல்ல, பெரும்பாலும் உண்மையே என்று கழகத் தலைவர் சார்லஸ் வெஸ்டும் ஒப்புக்கொண்டார்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், வேலைக்குப் புதிதாக வந்த இளம்பெண்கள் தங்களுக்குக் குறையொன்றுமில்லை என்றே சொன்னார்கள். மூத்தவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னவர்கள்! பதவி உயர உயரத்தான் பங்கு கேட்க வேண்டி வருகின்றது. பங்கு கேட்டால்தான் பங்காளியின் குணம் தெரிகின்றது.

"பெண்களுக்குத் திறமை போதாது" என்று சில பண்டிதர்கள் சொல்லுவார்கள். 1999க்கும் 2011க்கும் இடையில் அக்கழகத்தின் விஞ்ஞான, பொறியியல் பிரிவுகளில் பெண் ஆசிரியர்களின் தொகை ஏறக்குறைய இரட்டித்தது. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் பெண்களின் மூளை இரட்டித்துவிட்டதா என்று கேட்கின்றோம். மூளை இருந்தபடியேதான் இருந்தது. கதவைப் பிடித்திருந்த கைதான் கொஞ்சம் தளர்ந்தது.

"சம்பளக் கணக்கை முழுதும் வெளியிடாமல் எப்படி நம்புவது?" என்றும் சிலர் அந்த அறிக்கையைக் குறைகூறினார்கள். நல்ல கேள்வி! கணக்கு வெளிவர வேண்டுமென்பதுதான் நமது ஆசையும். ஆனால் பெட்டியின் சாவியை வைத்திருப்பவனை விட்டுவிட்டு, பங்கு குறைந்தவளைப் பார்த்து ருஜு எங்கே என்று கேட்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

ஆகவே தோழர்களே! "இங்கே தகுதி ஒன்றையே பார்க்கின்றோம்" என்று எவர் சொன்னாலும், அவர் கோயில் தர்மகர்த்தாவாயினும் சர்வகலாசாலைத் தலைவராயினும், கும்பிட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். இடம் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, பங்குபோடும் சபையில் யார் யார் என்று கணக்கைக் கேளுங்கள். காட்ட மறுத்தால், அந்த அம்மையாரைப் போல அளவு நாடாவைக் கையிலெடுங்கள்.