கடை போட்டவரே வாத்தியாரா?

பிரான்ஸின் கான் நகரில், திரைப்பட விழா நடக்கும் அதே அரங்கில், 1990-இல் தொடங்கிய மிபிம் சொத்துச் சந்தை கூடுகிறது. கட்டடம் கட்டுபவரும் கடன் கொடுப்பவரும் கைகுலுக்குவார்கள், நடுநடுவே கருத்தரங்கு. 2008 மார்ச்சிலும் கூடினார்கள். அதே மாதம் அமெரிக்காவில், வீட்டுக்கடன் பத்திரங்களில் மூழ்கிய பேர் ஸ்டெர்ன்ஸ் பங்குக்கு 2 டாலர் என்று விலை பேசப்பட்டது!

கடை போட்டவரே பாடமும் எடுத்தால், தன் சரக்கின் ஓட்டையைச் சொல்வாரா? அறிமுகம் தேடிப் போங்க, தப்பே இல்லை. அதைக் கல்வி என்று மட்டும் சொல்லாதீங்க மக்களே. கல்வி என்றால், வாராக்கடன் கொடுத்தவர் மேடையேறி, சொத்து மதிப்பை எங்கே ஏற்றிப் போட்டோம் என்று கணக்கோடு சொல்லணும். கடன் மூழ்கினால் போவது ஊரார் சேமிப்பு. விசிட்டிங் கார்டா அதைத் திருப்பித் தரும்?