கப்பல் ரெண்டு பக்கமும் இருந்தது. கேள்வி ஒரு பக்கம்தான் இருந்தது!

தோழர்களே,

"படை விஷயத்துல கேள்வி கேட்டா தேசத்துரோகி"னு சான்றிதழ் குடுக்குறவங்களுக்கு இன்னைக்கு ஒரு வரலாற்றுப் பாடம். பொறுமையா முழுசா படிங்க.

1945 மே. ஜெர்மனி சரணடைந்தது. ஹிட்லரின் கடற்படை கலைக்கப்பட்டது. அதை அடுத்தடுத்து நடத்திய தளபதிகள் ரேடர், டோனிட்ஸ் இருவரும் போர்க் குற்றவாளிகள் என்று 1946-ல் நியூரம்பெர்க்கில் தீர்ப்பு. ரேடருக்கு ஆயுள், டோனிட்ஸுக்கு 10 வருஷம்.

ஆனா கடல் முழுக்கக் கண்ணிவெடி. அதை அகற்ற ஆள் வேணுமே? அதே பழைய மாலுமிகள் சுமார் 27,000 பேரை பிரிட்டிஷ் கடற்படை தன் கட்டுப்பாட்டில் வேலை வாங்கியது. ஆக, திறமைக்குப் பஞ்சமே இல்லை. அந்தத் திறமை யாருக்குப் பதில் சொல்லணும்? அதுதான் கேள்வி.

நாடு ரெண்டாச்சு. 1956-ல் மேற்கு ஜெர்மனி புதுக் கடற்படையைத் தொடங்கியது. ஜனவரி 16, வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன். புதுசா சேர்ந்த வீரர்கள் முன்னாடி ட்சென்கர் என்ற மூத்த அதிகாரி ரேடரையும் டோனிட்ஸையும் ஆதரித்துப் பேசினார். டோனிட்ஸ் அப்போ இன்னும் சிறையில!

எதிர்க்கட்சியான சமூக ஜனநாயகக் கட்சி சும்மா விடல. ஏப்ரல் 18 நாடாளுமன்றத்துல விவாதம். கார்லோ ஷ்மிட் எழுந்து கேட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் சோவியத் படை நின்ன நேரம் அது. அப்பவும் கேட்டாங்க. யாரும் நாட்டைக் காட்டிக்கொடுத்துடல.

அதே வருஷம் மார்ச்சில் அரசியல் சட்டத்தையே திருத்தினாங்க. படைகளைக் கண்காணிக்க நாடாளுமன்றத்துக்கென்றே ஓர் ஆணையர். சாதாரண சிப்பாய்கூட மேலதிகாரியைத் தாண்டி நேரா அவரிடம் புகார் கொடுக்கலாம்.

உண்மையை மறைக்க மாட்டோம். ட்சென்கர் பதவி போகல, 1961-ல் கடற்படைத் தலைவராவே ஆனார். கேள்வி கேட்ட மறுநாளே எல்லாம் மாறிடாது. ஆனா அடுத்து மேடை ஏறுற அதிகாரிக்கு, மக்கள் மன்றம் பார்த்துட்டிருக்குன்னு தெரிஞ்சது.

இப்ப கிழக்கு ஜெர்மனிக்கு வாங்க. 1950-ல் 'கடல் போலீஸ்' என்று தொடங்கி, 1960-ல் 'மக்கள் கடற்படை' என்று பெயர் வச்சாங்க. 1918-ல் மேலிட உத்தரவை மறுத்துப் புரட்சி செஞ்ச மாலுமிகளின் நினைவாம். கேட்க எவ்வளவு நல்லா இருக்கு!

ஆனா அந்தப் படையை எதிர்த்துக் கேட்க அங்க எதிர்க்கட்சி இல்லை. 1961-லிருந்து கரையோர எல்லைக் காவலும் அதன் கையில. என்ன வேலை? பால்டிக் கடல் வழியா தப்பிக்கப் பார்த்த சொந்த மக்களையே மறிக்கிறது. பெயர்ல மக்கள், காவல் மக்களுக்கு எதிரா.

1990-ல் ஜெர்மனி ஒன்றானதும் 'மக்கள் கடற்படை' கலைந்தது. அதன் 16 பார்ச்சிம் ரகக் கப்பல்களை இந்தோனேசியாவுக்கு வித்துட்டாங்க. நாடாளுமன்றத்தில் கேள்விகளைச் சந்தித்த கடற்படை இன்னைக்கும் இருக்கு.

கேள்வி கேட்டதால எந்தக் கடற்படையும் மூழ்கல. அடுத்த முறை யாராவது "வாயை மூடு"ன்னா, இந்தப் பதிவை அனுப்புங்க.

கேட்போம். கேட்டுக்கொண்டே இருப்போம்!

#கேள்விகேட்பதுநம்உரிமை